ஒரு குல்லாய்த் தண்ணீர்

ஏரி நடுவில் மலையாக எழுந்து நிற்கும் எங்கள் தக்கீலே தீவில் ஒரு சைக்கிள்கூடக் கிடையாது. ஏறினால் கல்படி, இறங்கினால் கல்படி; இதில் சைக்கிளை வைத்துக்கொண்டு என்ன செய்வது, தோளில் சுமக்கவா? ஆனால் சைக்கிள் சக்கரத்துக் கம்பி இல்லாத வீடு ஒன்றுகூட இங்கே இல்லை. அக்கரையிலுள்ள பூனோ நகரத்துச் சந்தையில் பழைய சக்கரம் வாங்கி, கம்பிகளைப் பிடுங்கி, பாறையில் தேய்த்து முனை எடுத்தால் அதுதான் பின்னல் ஊசி. ஒரு குல்லாய்க்கு ஐந்து கம்பி. ஆண்பிள்ளையாகப் பிறந்தவன் ஏழு வயதில் அதைக் கையில் எடுப்பான். அப்புறம் படியேறும்போதும் பின்னுவான், ஆடு மேய்க்கும்போதும் பின்னுவான், ஊர்க்கூட்டத்தில் அடுத்தவனைத் திட்டிக்கொண்டும் பின்னுவான். பெண்கள் நூல் நூற்பார்கள், தறியில் நெய்வார்கள். பின்னல் கம்பியை மட்டும் தொட மாட்டார்கள். அது ஆம்பளை வேலை.

செவேரோ ஹுவாட்டாவுக்கு அந்த வேலை மட்டும் வரவில்லை. பாவம், மற்றதெல்லாம் வந்தது. ஏரியைப் பார்த்தே காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்லிவிடுவார். எவ்வளவு அலை அடித்தாலும் படகைத் துறைக் கல்லில் உரசாமல் கொண்டுவந்து நிறுத்துவார். கம்பியும் நூலும் கைக்கு வந்தால் மட்டும் பத்து விரலும் சொத்துத் தகராறில் இருக்கும் பங்காளிகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்ளும். எட்டு வயதில் அவர் பின்னிய முதல் குல்லாயை அப்பா வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். அந்தப் பக்கம் ஏரி தெரிந்தது. ஏரியில் போன படகும் தெரிந்தது.

"இதுல மீன் பிடிக்கலாம்டா," என்றார் அப்பா.

அன்றிலிருந்து பள்ளிக்கூடத்தில் அவர் பெயர் 'வலை'.

வலை என்று கூப்பிட்டால் கூப்பிட்டுவிட்டுப் போகட்டும், அதனால் யாரும் செத்துவிடவில்லை. சிக்கல் கல்யாண வயதில்தான் வந்தது. எங்கள் ஊரில் கல்யாணமாகாதவன் குல்லாய் பாதி வெள்ளை, பாதி சிவப்பு. கல்யாணமானவன் குல்லாய் முழுச் சிவப்பு. அந்தச் சிவப்புக்குப் போக வேண்டுமானால் மாப்பிள்ளை தன் கையால் ஒரு குல்லாய் பின்னிக்கொண்டு போய்ப் பெண்ணைப் பெற்றவர் முன்னால் நிற்க வேண்டும். அவர் அதைத் தலைகீழாகப் பிடிக்கச் சொல்லி உள்ளே தண்ணீர் ஊற்றுவார். மாப்பிள்ளை அதை இரண்டு கையிலும் ஏந்தி முற்றத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை நடக்க வேண்டும். சொட்டினால் பெண் கிடையாது. பின்னலின் கண்ணி அவ்வளவு நெருக்கமாக விழுந்திருக்க வேண்டும். இந்தச் சட்டத்தை வைத்தவன் யாரென்று தெரியாது. பெண்ணைப் பெற்றவனாகத்தான் இருப்பான், வேறு யாருக்கு இந்தக் கொழுப்பு வரும்?

செவேரோவுக்கு இருபத்திரண்டு வயது. தொமாசா என்ற பெண்மேல் உயிராக இருந்தார். ஒருநாள் அவள் ஆடு மேய்க்கும் மேட்டுக்குப் போய்க் கண்கலங்க நின்றார்.

"உங்கப்பா தண்ணி ஊத்துறதுக்கு முன்னாடியே என் குல்லா ஒழுகிடும் தொமாசா. வேற நல்ல பின்னல்காரனாப் பாத்துக் கட்டிக்க."

"பேசி முடிச்சிட்டியா? அந்தப் பக்கமாத் திரும்பி நில்லு. யாராச்சும் மேல வந்தா இருமு," என்றாள் தொமாசா. சால்வைக்குள்ளிருந்து ஐந்து கம்பிகளை எடுத்தாள்.

அவளுக்கு ஆறு அண்ணன்மார். ஆறு பேர் கையையும் பார்த்துப் பார்த்து, அவர்கள் தூக்கிப் போட்ட வளைந்த கம்பிகளைப் பொறுக்கி, ஆடுகளைத் தவிர யாருக்கும் தெரியாமல் கற்றுக்கொண்டிருந்தாள். நான்கு மாதம் அவள் பின்னினாள், நான்கு மாதம் செவேரோ இருமினார். பையனுக்குக் காசநோய் என்று ஊரே முடிவுகட்டி, அவர் அம்மா தினம் இரண்டு வேளை மூலிகைக் கஷாயத்தை வாயில் ஊற்றினாள். கடைசியில் குல்லாயில் ஊற்றிய தண்ணீர் பாறைக்குழியில் நிற்கிற மாதிரி நின்றது. மாமனார் சந்தோஷம் தாங்காமல் அந்தத் தண்ணீரையே குடித்துவிட்டார்.

இப்படித்தான் அந்தப் பெரிய பொய் ஆரம்பமானது. ஒரு குல்லாயோடு போகுமா? காலையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு தொமாசா நாலு வரிசை பின்னுவாள். மத்தியானம் அதையே எடுத்துக்கொண்டு செவேரோ ஊர்ச் சதுக்கத்துக்குப் போவார். நூலைக் கழுத்துக்குப் பின்னால் சுற்றிப் போட்டு, கட்டைவிரலை ஆட்டி ஆட்டி, நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு, பார்க்கிறவன் அசந்துபோகும்படி விரல்களை ஓட்டுவார். ஒரு கண்ணி விழாது. முப்பது வருஷம் அந்த மனுஷர் ஒரு கண்ணிகூடப் போடாமல் பின்னினார்.

"செவேரோ அண்ணன் கூட்டத்துல மெதுவாத்தான் பின்னுவாரு. வீட்டுக்குப் போனா பேய் மாதிரி பின்னுவாரு," என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

தீவுக்காரர்கள் எல்லோரும் பின்னியதையும் நெய்ததையும் கொண்டுபோய்க் கொடுக்கும் கூட்டுறவுக் கடை சதுக்கத்தில் இருக்கிறது. ஒவ்வொரு சாமானிலும் செய்தவர் பெயரெழுதிய துண்டுச் சீட்டைக் கட்டித் தொங்கவிடுவார்கள். வந்த குல்லாய்களைத் தடவிப் பார்த்துத் தரம் சொல்பவர் நாஸாரியோ பெரியவர். பல்லில்லாதவர், பொல்லாதவர். கண்ணால் பார்ப்பதைவிடக் கட்டைவிரலால் பார்ப்பதுதான் அதிகம். அவரே ஒரு வருஷம் தேடித் தடவி, தீவிலேயே சிறந்த பின்னல் என்று செவேரோவுக்கு முதல் பரிசு கொடுத்தார். கண்ணாடி போட்ட சட்டத்துக்குள் செவேரோவின் படமும் பெயரும் கடைச் சுவரில் ஏறின. செவேரோவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

தொமாசாவுக்கு ஒரே சிரிப்பு. "பரிசு எனக்கு, பயம் உனக்கா? சாப்பிடுய்யா."

பிறகு கடையிலிருந்து வந்த துண்டுச் சீட்டைக் கையில் வைத்து விரலால் நீவிக்கொண்டே கேட்டாள். "இத்தனூண்டு சீட்டுல தொமாசான்னு எழுதினா இடம் பத்துமா?"

விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்று நினைத்துச் செவேரோவும் சிரித்தார்.

ஒரு தடவை இருவரும் மாட்டியிருப்பார்கள். பூனோவிலிருந்து வந்த புது வாத்தியார் பள்ளி விழாவில் ஏதோ ஒரு கதை படித்தார். கடலுக்குப் போன கணவனுக்காக ஒரு பெண் ஜன்னலோரம் உட்கார்ந்து வருஷக்கணக்காகப் பின்னிக்கொண்டே இருக்கிறாளாம். பின்னல் என்பது காத்திருத்தல், பெண்மனம், காலத்தின் இழை என்று வாத்தியார் உருகினார். கூட்டம் வாயைப் பிளந்தது. ஒரு பெரியவர் எழுந்து கேட்டார்: "பொம்பளை பின்னினாளா? அவ புருஷனுக்குக் கை முடமா?" பள்ளிக்கூடமே அதிரச் சிரித்தார்கள். பின் வரிசையில் தொமாசா சால்வையைக் கடித்துக்கொண்டு குலுங்கினாள். பக்கத்தில் செவேரோ இல்லாத இருமலை இருமினார்.

பிறகு ஒரு வருஷம், கடுங்குளிர் மாதத்தில், நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்து ஒன்பதே நாளில் தொமாசா போய்விட்டாள். கம்பியில் ஒரு குல்லாய் பாதியில் நின்றது. பாதி என்றால் பாதியில்லை. பறவை வரிசை முடிந்து, பூ வரிசை முடிந்து, உச்சியில் நாலு விரல் அகலம்தான் பாக்கி. செவேரோ அதைக் கம்பியோடு துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார். அதைத் திறந்து பார்க்கிற தெம்பு அவருக்கு வரவில்லை. அவள் பின்னிய பழைய குல்லாய்கள் இரண்டு இருந்தன. ஒன்றைக் காற்று ஏரிக்குள் அடித்துக்கொண்டு போனது. மற்றொன்று தலையில் இருந்து வெளுத்தது. ஏன் பின்னுவதில்லை என்று கேட்டால், "மனசு வரல," என்பார். அது ஒன்றும் பொய்யில்லை. ஊரும் விட்டுவிட்டது.

விடாத ஒருத்தி காசிமீரா. நாஸாரியோ பெரியவரின் மூத்த மகள், நாற்பத்தாறு வயது, புருஷன் இறந்து ஐந்து வருஷம். செவேரோவின் உருளைக்கிழங்கு நிலத்துக்கு மேலடுக்கு அவளுடையது. அங்கிருந்தே கத்துவாள்.

"மூணு வருஷமா அதே குல்லா! கழட்டிப் பாரு, உள்ள காளான் மொளச்சிருக்கும்!"

"உன் கிழங்கைத் தோண்டு, என் தலையை ஏன் தோண்டுற?"

"என் கிழங்கு நல்லாத்தான் இருக்கு. உன் நிலத்துப் புல்லுதான் மேல ஏறி வந்து என்னைக் கேக்குது, எங்க முதலாளி உயிரோட இருக்காரான்னு!"

இப்படித் திட்டு வாங்காத நாளில் செவேரோவுக்குச் சாப்பாடு ருசிக்கவில்லை. அவளுக்கு உடம்பு சரியில்லாமல் நாலு நாள் நிலத்துக்கு வராதபோது தனக்கு என்ன ஆயிற்று என்று அவருக்கே புரிந்துபோயிற்று. ஐந்தாம் நாள் வெற்றிலை மாதிரி எல்லோரும் மெல்லுகிற கோக்கா இலையில் ஒரு பிடியைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். மரியாதைக்குக் கொடுப்பதைவிட அது நிறையவே இருந்தது. காசிமீரா அதைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள்.

"எங்கப்பாகிட்ட வந்து கேளு. ஆனா தண்ணி ஊத்துவாரு."

"இந்த வயசுலயுமா?"

"யார் வயசைச் சொல்ற?"

"என் வயசைத்தான்," என்றார் செவேரோ அவசரமாக. 

நாஸாரியோவுக்கு எண்பத்தொன்று. சலுகை என்ற வார்த்தையே அவர் வீட்டில் கிடையாது. "முதல் பரிசு வாங்கினவன்தானே, உனக்கென்ன பயம்? மே மாசம் கல்யாணச் சீசன். அதுக்கு முன்னாடி கொண்டா," என்று சொல்லிவிட்டார். நாற்பது நாள் இருந்தது.

வேறு எவனிடமாவது பின்னி வாங்கலாம் என்றால் குட்டு வெளிப்படும். படகில் கூட்டாளியான பொன்சியானோ நல்லவன்தான், ஆனால் அவன் வாயில் ஒரு விஷயம் விழுந்தால் அது துறையில் இறங்குமுன் உச்சிமேட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். செவேரோ பெட்டியைத் திறந்தார். துணியைப் பிரித்தார்.  நாலு விரல் அகலம்தானே, தொமாசா மீதியெல்லாம் முடித்துவைத்துவிட்டுத்தானே போயிருக்கிறாள் என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

மறுநாளிலிருந்து மீன் பிடிக்கப் போகிறேன் என்று தனியாகப் படகை எடுத்துக்கொண்டு ஏரி நடுவுக்குப் போனார். அங்கே யாரும் பார்க்க முடியாது. நூலைக் கழுத்தில் போட்டார். முப்பது வருஷம் நடித்ததில் தோரணை மட்டும் பிரமாதமாக வந்தது. கண்ணிதான் வரவில்லை. மூன்று போட்டால் இரண்டு நழுவும். நழுவியதை எடுக்கப் போனால் தொமாசா போட்டதும் சேர்ந்து அவிழும். தன் கண்ணி எக்கேடு கெட்டாலும் அவளுடையது ஒன்றுகூட அவிழக் கூடாது.

"இந்த இடத்துல எப்படிடி கண்ணியைக் குறைச்ச? சொல்லிக் குடுத்துட்டுப் போயிருக்கக் கூடாதா? 'உனக்கு வராதுய்யா விடு'ன்னு சொல்லியே என்னைக் கெடுத்துட்டே," என்று குல்லாயோடு சண்டை போட்டார்.

ஒரு கம்பி கை நழுவி ஏரிக்குள் போனது. சரி, ஏரித்தாய்க்குக் காணிக்கை என்று தலையைக் குனிந்து கும்பிட்டுவிட்டு வேறு கம்பி தீட்டினார். கட்டைவிரலில் கொப்புளம் வந்து, உடைந்து, காய்ப்பாகியது. வெறும் படகோடு திரும்பும் அவரைப் பார்த்துப் பொன்சியானோ தலையில் கைவைத்தான்.

"அண்ணே, நாப்பது நாளா ஒரு மீன்கூட இல்ல. ஏரிக்கு உன்மேல என்ன கோவம்?"

"மீனுக்குப் பின்னத் தெரியல," என்றார் செவேரோ. பொன்சியானோ அண்ணனுக்குக் காதல் மண்டைக்கு ஏறிவிட்டது என்று ஊர் முழுக்கச் சொன்னான்.

தவணை முடிந்த ஞாயிற்றுக்கிழமை நாஸாரியோ வீட்டு முற்றத்தில் முப்பது பேர் கூடினார்கள். ஆண்கள் சுவரோரம் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் எதிரே கதிர் சுற்றி நூல் நூற்றுக்கொண்டிருந்தார்கள். காசிமீரா தண்ணீர்க் குடத்தின் பக்கத்தில் நின்றாள். செவேரோ குல்லாயைத் தலைகீழாக இரண்டு கையிலும் ஏந்தினார். தலைகீழ் என்றால் உச்சி கீழே வரும். அவர் பின்னிய நாலு விரல்தான் மொத்தத் தண்ணீரையும் தாங்க வேண்டும். இதை அவர் ஏரி நடுவில் ஒரு நாள்கூட யோசிக்கவில்லை. இப்போது யோசித்தார்.

பெரியவர் ஊற்றினார். தண்ணீர் நின்றது.

செவேரோ ஓர் அடி வைத்தார். நின்றது. இரண்டாம் அடி. மூன்றாம் அடியில் உச்சியில் ஒரு துளி திரண்டு, கொஞ்சம் யோசித்து, கால் பெருவிரல்மேல் விழுந்தது. அப்புறம் அது யோசிக்கவே இல்லை. எதிர்ச் சுவருக்குப் போய்ச் சேர்வதற்குள் கால்சட்டை நனைந்து, முற்றத்தில் ஒரு கோடு விழுந்திருந்தது. குல்லாயில் தண்ணீர் பாதிதான் மிச்சம்.  ஆண்கள் கையில் கம்பியும் பெண்கள் கையில் கதிரும் நின்றுபோயின.

நாஸாரியோ குல்லாயை வாங்கித் தண்ணீரைக் கொட்டினார். கட்டைவிரலை உள்ளே விட்டு மெதுவாகத் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இதுவரைக்கும் ஒரு கை. இதுக்கு மேல வேற கை," என்றார். "முதல் கைக்காரனைக் கோயில் கட்டிக் கும்பிடலாம். ரெண்டாவது கைக்காரனைக் கட்டிவெச்சு உதைக்கணும். இதுல நீ யாருடா?"

"கையில அடிபட்டிருந்துச்சுன்னு சொல்லு அண்ணே!" என்று பொன்சியானோ ரகசியமாகச் சொன்னான். அவன் ரகசியம் பக்கத்து வீட்டு ஆட்டுக்குக்கூடக் கேட்டது.

சொல்லியிருக்கலாம். கொப்புளம் காய்ந்த விரலைக் காட்டியிருந்தால் எல்லோரும் நம்பியிருப்பார்கள். பெரியவர் இன்னொரு மாதம் தவணை கொடுத்திருப்பார், கடைச் சுவரில் படமும் பத்திரமாக இருந்திருக்கும். செவேரோ வாயையும் திறந்துவிட்டார். ஆனால் பெரியவரின் விரல் இன்னும் அந்தப் பறவை வரிசையின்மேல் இருந்தது. அதைத் தன்னுடையது என்று இன்னொரு தடவை சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

"உதைக்க வேண்டியவன் நான்தான்யா," என்றார். "கோயில் கட்ட வேண்டியது தொமாசாவுக்கு. என் கல்யாணக் குல்லாயும் அவ பின்னினதுதான். முதல் பரிசு வாங்கினதும் அவ பின்னினதுதான். முப்பது வருஷமா நான் சும்மா விரலை ஆட்டிக்கிட்டிருந்தேன். எனக்குத் தெரிஞ்சது இந்த நாலு விரல் அகலம்தான். அதுவும் ஒழுகுது."

 சுவரோரம் இருந்த ஆண்களில் மூன்று பேர் மட்டும் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டு வெகு மும்முரமாகப் பின்ன ஆரம்பித்தார்கள். அவர்கள் மனைவிமார் எதிர்ப்பக்கம் வானத்தைப் பார்த்தார்கள். அந்த மூன்று பேர் யாரென்று நான் சொல்ல மாட்டேன், நான் இந்தத் தீவில் குடியிருக்க வேண்டும்.

பெரியவர் முகம் சிவந்தது. "என் கட்டைவிரலை முப்பது வருஷமா ஏமாத்தியிருக்கே. வெளிய போடா. சொட்டினவனுக்குப் பொண்ணு கிடையாது."

"அப்பா, கொஞ்சம் இரு." காசிமீரா முன்னால் வந்தாள். "எனக்கு முதல்ல ஒருத்தனைப் பாத்துக் கட்டிவெச்சியே, அவன் குல்லா சொட்டிச்சா?"

"ஒரு துளி சொட்டல. என்ன பின்னல் அது!"

"ஆமா, என்ன பின்னல்! அந்தக் குல்லாயிலதான் இன்னைக்கும் நான் கோழிக்குத் தண்ணி வெக்கிறேன். ஒழுகவே மாட்டேங்குது. அந்த மனுஷன் வாயிலேர்ந்தும் இருபது வருஷத்துல ஒரு உண்மை ஒழுகல. பூனோவுல அவனுக்கு இன்னொரு குடும்பம் இருந்தது அவன் செத்த அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும். அந்தப் பொம்பளை ரெண்டு பிள்ளைங்களோட வந்து என் பக்கத்துல நின்னு அழுதா."  மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "இவன் முப்பது பேர் முன்னாடி கால்சட்டையை நனைச்சுக்கிட்டு உண்மையைச் சொல்றான். எனக்கு ஒழுகறவனே போதும்."

நாஸாரியோ மகளைப் பார்த்தார். ஈரக் குல்லாயை மறுபடி எடுத்தார். முதலில் தொமாசாவின் பகுதியைத் தடவினார். "என்ன கை!" என்று முணுமுணுத்தார். பிறகு உச்சியைத் தடவினார். முகத்தைச் சுளித்தார்.

"அடியிலேர்ந்து நுனிவரைக்கும் முழுசா ஒண்ணு பின்னிக் கொண்டா. உன் கையாலயே. ஒழுகினா ஒழுகட்டும். ஆனா வேற ஒரு கை என் விரலுக்குத் தட்டுப்படக் கூடாது."

அந்தக் குல்லாய்க்குப் பதினோரு மாதம் ஆயிற்று. அந்த மே போய் அடுத்த மே வந்தது. ஊர்க்கூட்டத்தில் செவேரோ நிஜமாகவே பின்னினார், நிஜமாகவே திட்டினார். காசிமீரா மேலடுக்கு நிலத்திலிருந்து, "கிழவியானப்புறம் கட்டிக்கலாம்னு இருக்கியா? சீக்கிரம் பின்னு!" என்று கத்திக்கொண்டே இருந்தாள். ஒரு கண்ணிகூட அவள் தொடவில்லை. செவேரோ கேட்டதற்கு, "நான் வழக்கப்படி என் முடியைச் சேத்து உனக்கு இடுப்புக்கச்சை நெய்யறேன், அது என் வேலை. தலை உன் வேலை," என்று சொல்லிவிட்டாள். குல்லாய் முடிந்ததும் பெரியவர் தடவிப் பார்த்தார், தண்ணீர் ஊற்றும் பேச்சையே எடுக்கவில்லை. இதில் ஊற்றினால் தண்ணீருக்கு மரியாதையில்லை என்று மட்டும் சொன்னார். கல்யாணத்தன்று மழை பிடித்துக்கொண்டது. மாப்பிள்ளையின் தலை குல்லாயோடேயே தொப்பலாக நனைந்தது. அவர் அதைக் கழற்றவில்லை.

கடைச் சுவரில் இருந்த தன் படத்தைக் கழற்றிவிட்டுத் தொமாசா பெயரை எழுதச் சொல்லிச் செவேரோவே போய் நின்றார். கடைக் கமிட்டி மூன்று ஞாயிற்றுக்கிழமை சண்டை போட்டது. பெண்ணின் பெயரைக் குல்லாய் வரிசையில் எழுதுவதா, ஊர் சிரிக்காதா என்றார்கள். கடைசியில் நாஸாரியோ தடியை ஊன்றி எழுந்து, "பின்னின கை எதுவோ அது பேரை எழுதுங்கடா, என் விரல் பொய் சொல்லாது," என்று போட்டார் ஒரு சத்தம். கமிட்டி ஒத்துக்கொண்டது.

தொமாசாவின் கடைசிக் குல்லாய் இப்போது அந்த இடத்தில் தொங்குகிறது. விற்பனைக்கு இல்லை. சீட்டைச் செவேரோவே எழுதிக் கட்டினார். 'தொமாசா' என்று எழுதி, அதன் கீழே 'உச்சி மட்டும் செவேரோ' என்றும் எழுதினார். அவ்வளவு எழுதிய பிறகும் அந்த இத்தனூண்டு சீட்டில் இடம் மிச்சமிருந்தது.